பத்தாயிரத்து ஐந்தை எழுதச் சொல்லிப் பாருங்கள்

பீனியா ஸ்டோர்ஸ்:
பெங்களூரில் பீனியா, பொம்மசந்திரா, ஜிகணி தொழிற்பேட்டைகள் பக்கம் ஸ்டோர்ஸுக்கும் (சரக்கு அறை) பேக்கிங்குக்கும் ஆள் எடுப்பவர்கள் எல்லோருக்கும் ஒரே குறைதான். கையில் எஸ்.எஸ்.எல்.சி. மார்க்ஸ் கார்டு இருக்கிறது, பி.யு.சி. (பிளஸ் டூ) கூட இருக்கிறது. சரக்கோடு வரும் டெலிவரி சலானை நீட்டினால் படித்துச் சரக்கை எண்ணி எடுக்க வரவில்லை. "படிப்பே கெட்டுப்போச்சு" என்று சொல்லி அனுப்பிவிட்டால் அடுத்து வருபவரிடமும் அதேதான் நடக்கும். எந்த இடத்தில் தடுக்கிறது என்று பார்த்தவர்கள் இங்கே எழுதுங்கள்.

ஸ்டோர்ஸில் முதலில் தடுக்குவது எண்ணைக் காதால் கேட்டு எழுதுவதில். ஐந்தே ஐந்து எண்களைச் சொல்லி எழுதச் சொல்லுங்கள்: 7,070, 10,005, 30,300, 1,02,040, 4,00,016. "பத்தாயிரத்து ஐந்து" என்றதும் நிறைய பேர் முதலில் 10000 எழுதி, பக்கத்திலேயே ஒரு 5 போட்டு 100005 ஆக்கிவிடுகிறார்கள். சிலர் 1005 எழுதுவார்கள். காதில் விழுந்த வரிசையிலேயே கை போகிறது. இடமதிப்பு மூன்றாம் வகுப்பிலேயே உட்காராமல் போனதன் அடையாளம் இது. இந்தப் பையன் ஆயிரம் வரை எண்ணுவான், கூட்டுவான், இன்டர்வியூவில் நன்றாகவே பேசுவான். ஆனால் 10,005 நட்டு வந்த இடத்தில் கம்ப்யூட்டரில் ஒரு லட்சத்து ஐந்து ஏறினால், இருப்பு இருக்கிறது என்று நம்பி பர்ச்சேஸ் ஆர்டர் போட மாட்டார்கள். ஒரு நாள் லைன் நிற்கும்போதுதான் தெரியும்.

இரண்டாவது, பார்த்து எழுதுவது. பத்து பேட்ச் நம்பர்களைக் கொடுத்துப் பக்கத்துக் கட்டத்தில் எழுதச் சொல்லி, தாளைப் பார்க்காமல் கண்ணைக் கவனியுங்கள். பழகியவர் மூன்று மூன்று எழுத்தாக எடுப்பார். பழகாதவர் ஒவ்வோர் எழுத்துக்கும் தலையைத் தூக்குவார். 7711 அவர் தாளில் 7111 ஆகும், சுழியும் ஆங்கில ஓவும் இடம் மாறும்.

வெர்னியர்:
குவாலிட்டிக்கு வருகிற ஐ.டி.ஐ., டிப்ளமோ பிள்ளைகளிடம் நுட்பமாக அளவெடுக்கும் வெர்னியர் காலிப்பரைக் கொடுத்தால் பிடிக்கத் தெரியும், பெயர் சொல்லத் தெரியும், லீஸ்ட் கவுன்ட் (அது காட்டும் மிகச் சிறிய அளவு) 0.02 மி.மீ. என்று ஒப்பிக்கவும் தெரியும். அளவு சொல்லச் சொன்னால்தான் தடுமாற்றம். மெயின் ஸ்கேலில் 24, வெர்னியரில் 17ஆவது கோடு பொருந்துகிறது என்றால் 17-ஐ 0.02-ஆல் பெருக்கி 0.34, மொத்தம் 24.34 மி.மீ. வரிசையாக 24.17 என்றே எழுதுகிறார்கள். பெருக்குகிற படியையே விட்டுவிடுகிறார்கள். டிராயிங்கில் 24.30 ± 0.05 என்று இருந்தால் 24.25 முதல் 24.35 வரை பாஸ். அதாவது சரியாக இருந்த பீஸ் ரிஜெக்ட் பெட்டிக்குப் போகிறது. அதைவிடக் கெடுதல், ரிஜெக்ட் ஆக வேண்டியது கஸ்டமருக்குப் போவது.

ஆனால் இதைக் கருவி தெரியாத குறை என்று நினைத்து வெர்னியரையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுப்பது வீண். அதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: 0.5, 0.35 இரண்டில் எது பெரிது? 0.35 என்று சொன்னால் அவர் புள்ளியைப் பார்க்கவில்லை, 35-ஐயும் 5-ஐயும் பார்க்கிறார். முதலில் ரூபாய், பைசா கணக்கில் அதைச் சரிசெய்யுங்கள். 50 பைசா பெரிதா, 35 பைசா பெரிதா என்றால் ஒரு நொடியில் பிடித்துக்கொள்வார். அப்புறம்தான் வெர்னியர். ஜீரோ எர்ரர் (வாய் மூடியிருக்கும்போதே கருவி சுழி காட்டாத பிழை) அதற்கும் பிறகு.

ஓசூர் ரோடு கணக்கர்:
பி.காம். முடித்து அக்கவுன்ட்ஸுக்கு வருபவர்களிடம் டேலி (கணக்கு எழுதும் சாஃப்ட்வேர்) தெரியுமா என்று கேட்டால் எல்லோரும் தெரியும் என்பார்கள். அதைக் கேட்க வேண்டாம். ஒரு பில்லைக் கொடுங்கள். வரி சேர்த்து 1,180 ரூபாய், ஜி.எஸ்.டி. 18 சதவீதம், சரக்கின் விலை என்ன? 1,180-இல் 18 சதவீதம் 212.40 எடுத்துக் கழித்து 967.60 என்று எழுதுபவர்கள் ஏராளம். 1,180-ஐ 1.18-ஆல் வகுத்து 1,000 என்று வர வேண்டும். எதன் மேல் சதவீதம் என்ற கேள்வியே மனதில் எழவில்லை. பில் 1,18,000 என்றால் இந்த ஒரு தப்பில் 3,240 ரூபாய் விலகிவிடும்.

அடுத்தது ஜி.எஸ்.டி. நம்பர். எழுத்தும் எண்ணுமாக 15 இடம். முதல் இரண்டு மாநிலம், அடுத்த பத்து பான். கர்நாடகத்துக்கு 29, தமிழ்நாட்டுக்கு 33. ஓசூர் கம்பெனி சரக்கு அத்திபெலே தாண்டி இங்கே வந்தால் 33-இல் தொடங்கும் பில், ஐ.ஜி.எஸ்.டி. (மாநிலம் விட்டு மாநில விற்பனை வரி) 18 வர வேண்டும். அந்தப் பில்லிலேயே ஒரே மாநில விற்பனை போல சி.ஜி.எஸ்.டி., எஸ்.ஜி.எஸ்.டி. என்று ஒன்பது ஒன்பதாகப் பிரித்துப் போட்டு, தப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். விதியை ஒப்பிப்பவர் பலர் பில்லின் தலைப்பைப் பார்ப்பதே இல்லை.

ஸ்ரீராம்புரம்:
மேலே எழுதிய மூவரும் சொன்னது சரி, ஆனால் ஒன்றை விட்டுவிட்டீர்கள். சோதனைத் தாள் எந்த மொழியில்? தருமபுரி, கிருஷ்ணகிரி, திருப்பத்தூரிலிருந்து வருகிற பிள்ளை தமிழ் மீடியம். இங்கேயே பிறந்த நம் பிள்ளை வீட்டில் தமிழ் பேசும், படித்தது கன்னடமோ ஆங்கிலமோ, தமிழ் எழுத்துக் கூட்டத் தெரியாது. இருவருக்கும் ஒரே ஆங்கிலத் தாளைக் கொடுத்துவிட்டு "எழுதப் படிக்கத் தெரியவில்லை" என்று சொல்வது நியாயமே இல்லை. எந்த மொழியில் படித்தாய் என்று முதலில் கேளுங்கள், மூன்று மொழியிலும் ஜெராக்ஸ் வைத்திருங்கள். வேலைக்கு ஆங்கிலம் தேவை என்றால் அதைத் தனியாகச் சோதியுங்கள்.

பயோடேட்டாவை நம்பவே வேண்டாம். பிரௌசிங் சென்டரில் ஒரே அச்சில் எல்லோருக்கும் அடித்துக் கொடுக்கிறார்கள், இப்போது போனிலேயே ஏ.ஐ. எழுதித் தருகிறது. ஆறு வரி கையால் எழுதச் சொல்லுங்கள், போதும்.

பீனியா ஸ்டோர்ஸ்:
மொழி விஷயம் நியாயம். தாளை மாற்றுகிறோம்.

மார்க்ஸ் கார்டு:
மதிப்பெண்ணைப் பற்றி. கர்நாடக எஸ்.எஸ்.எல்.சி.யில் 2023-இல் தேர்ச்சி 83.89 சதவீதம். 2024-இல் தேர்வறைகளில் வெப்காஸ்டிங் (கேமரா நேரலைக் கண்காணிப்பு) வைத்ததும் 73.40-க்கு இறங்கியது, அதுவும் கருணை மதிப்பெண்ணைக் கூட்டிக் கொடுத்த பிறகு. 2021-இல் தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புக்கு ஆல் பாஸ். ஆகவே கார்டில் எந்த ஆண்டு என்று பாருங்கள், ஆனால் அதை வைத்து ஆளை ஒதுக்காதீர்கள். 2020-21-இல் ஆறாம் வகுப்பில் இருந்தவர்கள்தான் தசமமும் விகிதமும் படிக்க வேண்டிய ஆண்டில் கொரோனாவால் பெரும்பாலும் பள்ளிக்கூடத்தையே பார்க்காதவர்கள். அவர்கள் 2025-இல் பத்தாம் வகுப்பை முடித்து இப்போது வேலைக்கு வருகிறார்கள்.

எட்டாவது வரை பெயில் கிடையாது என்ற 2010-ஆம் ஆண்டு விதிதான் காரணம் என்று பலர் சொல்வார்கள். எனக்கு அது பாதி உண்மைதான். மூன்றாம் வகுப்பில் வாசிக்க வராத பிள்ளையை இன்னொரு வருடம் அதே பாடத்தில் உட்கார வைத்தால் வாசிப்பு வந்துவிடாது. பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் சோதிக்கும் 2024 ஏசர் ஆய்வில் கிராமப்புற ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசித்தவர்கள் 48.8 சதவீதம். வாசிக்கவே கற்றுக்கொடுக்காமல் பாடத்தை மட்டும் நடத்தினால் இப்படித்தான் ஆகும்.

அல்சூர் டியூஷன் அக்கா:
வாசிப்பு என்றதும் சத்தமாகப் படிக்கச் சொல்லிவிட்டுத் திருப்தி அடைந்துவிடாதீர்கள். இந்த வரியைக் கொடுத்துப் பாருங்கள்: "மூன்றாம் ஷிப்ட் ஆட்கள் மட்டும் வியாழனன்று பின் கேட் வழியாக வரவும். ஐ.டி. கார்டு இல்லாதவர்களைத் தவிர மற்றவர்கள் கையெழுத்திட வேண்டியதில்லை." கடகடவென்று படிப்பார்கள். இரண்டாம் ஷிப்ட் ஆள் வியாழனன்று பின் கேட்டில் போகலாமா என்று கேட்டால் போகலாம் என்பார்கள். கார்டு இல்லாதவர் கையெழுத்துப் போட வேண்டுமா என்றால் முழிப்பார்கள். மட்டும், தவிர, வரை, குறையாமல், முன்பு, இந்த ஐந்து சொற்களில்தான் பெரும்பாலும் வழுக்குகிறார்கள். கன்னடத்தில் மாத்ர, ஹொரது. ஆங்கிலத்தில் ஒன்லி, எக்ஸெப்ட், அன்லெஸ்.

இது தேறாத குறை இல்லை. தினமும் ஷிப்டுக்கு முன் அரை மணி ஒதுக்குங்கள். பத்து நிமிடம் எண் சொல்லி எழுதுவது, பத்து நிமிடம் உங்கள் நோட்டீஸ் போர்டில் இருக்கிற ஒரு நோட்டீஸ், அதில் மூன்று கேள்வி. மிச்சம் பத்து நிமிடம் முந்தைய நாள் தப்பு. பாடப்புத்தகம் கொண்டுவராதீர்கள், பார்த்ததும் பள்ளிக்கூடத்தில் வாங்கிய அடி நினைவுக்கு வந்து வாயை மூடிக்கொள்வார்கள். உங்கள் சலான், உங்கள் லேபிள், உங்கள் டிராயிங் போதும். இடமதிப்புக்குக் கட்டம் போட்டுக் கொடுங்கள்: லட்சம், பத்தாயிரம், ஆயிரம், நூறு, பத்து, ஒன்று. காலிக் கட்டத்தில் சுழி போடச் சொல்லுங்கள். கட்டம் இல்லாமல் எழுத வந்த பிறகு எடுத்துவிடுங்கள், அதற்கு முன் எடுக்காதீர்கள்.

வெர்னியர்:
அக்கா, கூட ஒன்று. தாளை அவர்கள் முன்னாலேயே திருத்துங்கள். 24.17 எழுதியவரிடம் தப்பு என்று மட்டும் சொல்லாமல், 17-ஐ என்ன செய்தாய் என்று கேளுங்கள். பாதிப் பேர் அந்தக் கேள்வியிலேயே பேனாவை வாங்கித் தாங்களே அடித்து எழுதுகிறார்கள். அவர்களை எடுத்துக்கொள்ளலாம்.