நேட்டிவ், ரெசிடென்ட், சிட்டிசன்: படிவம் நிரப்பும்போது உங்களுக்கு நேர்ந்தது

லாஸ்பேட்டைக்காரி:
மூன்று வருடம் ஆகியும் மனசை விட்டுப் போகவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். ஜெராக்ஸ் கடையில் படிவம் நிரப்பிக் கொடுப்பது என் வேலை. சொல்தா (பிரெஞ்சுப் படையில் இருந்த பாண்டிக்காரர்) வீட்டு ஆயா ஒருவர் மருத்துவமனைப் படிவம் ஒன்றை எடுத்து வந்தார். வீட்டுக்காரர் பிரெஞ்சுப் படையில் இருந்தவர், பென்ஷன் வருகிறது, மற்றது பாண்டிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. படிவத்தில் இருந்தது இரண்டே கட்டம்: இந்தியன், பாரினர். பாஸ்போர்ட்டைப் பார்த்தேன், பிரெஞ்சுப் பாஸ்போர்ட், இரண்டாவதில் டிக் அடித்தேன்.

ஆயாவுக்கு ஆங்கிலம் வராது, ஆனால் எழுத்துக் கூட்டுவார். சமைத்த கையோடு வந்திருந்தார் போல, விரல் நுனியில் மஞ்சள் கறை. அந்த விரலை அந்தச் சொல்லின் மேல் வைத்து, “இது என்னம்மா?” என்றார். வெளிநாட்டுக்காரங்க என்று அர்த்தம் ஆயா என்றேன். “நான் குருசுக்குப்பத்துல பொறந்தவம்மா. நெல்லித்தோப்புல வாக்கப்பட்டேன். எந்த வெளிநாட்டக் கண்டேன் நான்?” விரலை எடுக்கவே இல்லை. மஞ்சள் காகிதத்தில் ஒட்டிவிட்டது.

நான் போட்ட டிக்கைக் கோடு கிழித்து அடித்துவிட்டு ஓரத்தில் ‘பிரெஞ்சு நேஷனல், ரெசிடென்ட் ஆஃப் புதுச்சேரி’ என்று எழுதினேன். கவுன்டரில் அதையும் அடித்து மறுபடி பாரினர் ஆக்கிவிட்டார்களாம். நான் எழுதியது சரியா, தப்பா? அவருக்கு எந்தச் சொல்தான் பொருந்தும்?

ரெட்டிச்சாவடி:
எனக்கு நேட்டிவ் என்ற சொல்லோடு பழைய கணக்கு உண்டு. வீடு கடலூர் மாவட்டம், பதினொன்று பன்னிரண்டு படித்தது எல்லை தாண்டி புதுச்சேரியில் பாகூர்ப் பக்கம். சைக்கிளில் போகிற தூரம்தான். இன்ஜினியரிங் சேர்க்கைக்குச் சரிபார்க்கப் போனபோது “நேட்டிவிட்டி எங்கே?” என்றார்கள், தமிழ்நாட்டுக்காரர் என்பதற்கான சான்று. அப்பா ரேஷன் கார்டை நீட்டினார். அது நீங்கள் எங்கே குடியிருக்கிறீர்கள் என்று காட்டுவது, எந்த ஊர்க்காரர் என்று காட்டாது என்று திருப்பிக் கொடுத்தார்கள். எட்டிலிருந்து பன்னிரண்டு வரை முழுக்கத் தமிழ்நாட்டில் படித்திருந்தால் அந்தச் சான்றைக் கேட்கவே மாட்டார்களாம். இரண்டு வருடம் எல்லைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பாடம் கேட்டதால் வந்த வினை. அப்பா அந்தக் கார்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “நாலு தலைமுறையா இங்கதான் சார் இருக்கோம்” என்று சொல்லிக்கொண்டே நின்றார். அந்த நிற்பு இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

மஞ்சக்குப்பம் டீச்சர்:
லாஸ்பேட்டைத் தங்கச்சி எழுதியதில் தப்பே இல்லை. ரெட்டிச்சாவடித் தம்பி சொல்வதில்தான் ஒன்று சேர்க்க வேண்டும். நேட்டிவ் என்ற சொல் எங்கே உட்காருகிறது என்று பாருங்கள். ‘நேட்டிவ் ஆஃப் கடலூர்’ என்றால் பிறந்த ஊர், குற்றமில்லை. ‘தி நேட்டிவ்ஸ்’ என்று ஊர்ப்பெயர் இல்லாமல் மொட்டையாகச் சொன்னால் வெள்ளைக்காரன் நம்மைக் கும்பலாகப் பார்த்த பார்வை அதில் வந்துவிடும். கம்பெனிப் படையில் நம் ஆட்கள் இருந்த பட்டாளத்துக்குப் பெயரே ‘நேட்டிவ் இன்பன்ட்ரி’. வெள்ளைக்காரர்களின் பட்டாளம் தனி.

என் சம்பவம் சின்னது. வெளிநாட்டில் நர்ஸாக இருக்கும் என் தங்கை மகள் லீவு கேட்கும்போது ‘கோயிங் டு மை நேட்டிவ்’ என்று எழுதிவிட்டாள். மேலாளர் அம்மா, “உன் நேட்டிவ் யார்?” என்று உண்மையாகவே புரியாமல் கேட்டாராம். நம் பக்கம் சொந்த ஊருக்கு அதுதான் சொல், அங்கே ‘ஹோம் டவுன்’. அவள் அன்று ராத்திரி அழுதுகொண்டே போன் செய்தாள்.

வில்லியனூர்:
டீச்சர் சொல்வதை ஏற்கிறேன், ஆனால் பாண்டி விஷயம் இலக்கணத்தோடு முடிவதில்லை. என் கதை இரண்டு வரிதான்: வேலை விண்ணப்பத்தில் டொமிசைல் (நிரந்தர இருப்பிடம்) என்ற இடத்தில் வீட்டு முகவரியை எழுதித் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு தேடித் தேடிப் படித்தேன், அதைச் சொல்கிறேன்.

பாண்டி அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் பிரதிநிதிகள் 178 பேர் கூடினார்கள், 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. ஆனால் பாண்டியை இந்தியாவுக்குக் கொடுக்க 1956 மே 28 அன்று கையெழுத்தான ஒப்பந்தம் சட்டப்படி நடைமுறைக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான். நாம் இங்கே குழம்புகிற சொற்களில் பல அதன் ஒரே வாக்கியத்தில் இருக்கின்றன. இந்த மண்ணில் பிறந்து, அன்றைக்கு இங்கேயே டொமிசைல் கொண்டிருந்த பிரெஞ்சு நேஷனல்கள், இந்திய நேஷனல்களும் சிட்டிசன்களும் ஆவார்கள். வேண்டாதவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுக் குடியுரிமையையே வைத்துக்கொள்ளலாம். ஆயாவின் வீட்டிலும் யாரோ அப்படி எழுதிக் கொடுத்திருப்பார்கள். பிறந்த இடமும் இருக்கிற இடமும் பாண்டிதான், குடியுரிமை மட்டும் பிரான்ஸ். பாரினர் என்பது சட்டத்தில் சரி, அவருடைய வாழ்க்கையில் தப்பு.

இனி படிவம் நிரப்புபவர்களுக்குச் சொல்கிறேன். ரெசிடென்ட் என்றால் இப்போது குடியிருப்பவர், அவ்வளவுதான். எந்த நாட்டவரும் ஆகலாம். சிட்டிசன் என்றால் ஓட்டு உள்ளிட்ட முழு உரிமை உள்ளவர். நேஷனல் கொஞ்சம் அகலமான சொல். அமெரிக்கன் சமோவாவில் பிறந்தவர் பிறப்பால் அமெரிக்க நேஷனல், ஆனால் சிட்டிசன் அல்ல. நமக்கு இந்த இரண்டும் ஒன்றேதான், அதனால் ‘நேஷனாலிட்டி’ என்று கேட்டால் பாஸ்போர்ட்டில் உள்ளதை எழுதுங்கள், சாதியையோ ஊரையோ எழுதாதீர்கள். டொமிசைல் என்றால் நிரந்தரமாகத் தங்கும் எண்ணத்தோடு இருக்கிற இடம். இந்தியாவுக்குள் ஒரே டொமிசைல்தான், மாநிலத்துக்கு ஒன்று கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 1984லேயே சொல்லிவிட்டது. ஆனாலும் அலுவலகங்களில் டொமிசைல் சான்று என்று கேட்டால் மாநிலச் சான்றைத்தான் கேட்கிறார்கள். கேட்டுத் தெரிந்துகொண்டு எழுதுங்கள். ஆயாவிடம் ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ‘ஓவர்சீஸ் சிட்டிசன் ஆஃப் இந்தியா’ அட்டை) இருந்தால் அதன் நகலையும் வையுங்கள். பெயரில் சிட்டிசன் என்று இருந்தாலும் அது குடியுரிமை அல்ல. ஓட்டுப் போட முடியாது, விவசாய நிலம் வாங்க முடியாது.

ரெட்டிச்சாவடி:
வில்லியனூர் அண்ணே, நல்ல விவரம். ஆனால் ‘கேட்டுத் தெரிந்துகொண்டு எழுதுங்கள்’ என்று சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள். எங்க அப்பா யாரைக் கேட்பார்? கவுன்டருக்கு உள்ளே இருந்தவருக்கே விளக்கத் தெரியவில்லை. நேட்டிவிட்டிக்கும் ரெசிடென்ஸுக்கும் என்ன சார் வித்தியாசம் என்று கேட்டதற்கு, ‘அது வேற, இது வேற’ என்றார்.

முதுநகர்:
எங்க தாத்தா பாண்டிக்காரர், கடலூர்த் துறைமுகத்தில் வேலை பார்த்தார். வீட்டில் யாராவது ‘நாம கடலூர்க்காரங்க’ என்றால் போதும், சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, “இருக்கறது கடலூர், ஊரு புதுச்சேரி” என்பார். எனக்கு எட்டு வயது அப்போது. டீச்சர் இந்தச் சொற்களைப் பிரித்துச் சொன்ன பிறகுதான் அவர் எதற்காகச் சண்டை போட்டார் என்று புரிகிறது.

லாஸ்பேட்டைக்காரி:
எல்லாருக்கும் நன்றி. வில்லியனூர் அண்ணன் சொன்னதைப் படித்துவிட்டு நேற்று ஆயா வீட்டுக்கே போய்க் கேட்டேன். ஓசிஐ அட்டை இருக்கிறது. பீரோவில் புடவைக்கு அடியில் பிளாஸ்டிக் கவரில் சுற்றி வைத்திருந்தார். ‘சிட்டிசன்’ என்ற சொல்லை நான் காட்டியதும் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டினார். அப்புறம், “அப்ப அன்னைக்கு ஏம்மா இத எழுதல?” என்றார். அந்தப் படிவத்தில் இதற்குக் கட்டம் இல்லை ஆயா என்று சொன்னேன்.