அரங்கம் நிறைந்தாலும் புது ஆபரா தயாரிப்புக்கு ஏன் கொடையாளி வேண்டும்?

கடைசிவரிசை:
திரையரங்கில் நேரலையாகக் காட்டும் ஆபராக்களை, அதாவது மேற்கத்திய இசை நாடகங்களை, கொஞ்ச நாளாகப் பார்க்கிறேன். புதுத் தயாரிப்பு (பழைய ஆபராவையே புது செட், புது இயக்கத்தோடு போடுவது) என்றால் 'இன்னாருடைய கொடையால்' என்று ஒரு பெயர் வந்துவிடுகிறது. டிக்கெட்டோ யானை விலை, அரங்கமும் நிறைகிறது, அப்புறம் எதற்கு ஒரு பணக்காரர் தயவு? பணம் கொடுத்தவர் இயக்குநரிடம் 'இப்படிப் போடு' என்று சொல்ல முடியுமா?

திரைக்குப்பின்:
நிறைந்த அரங்கிலும் நஷ்டம்தான். இசைக்குழு, கோரஸ், மேடைத் தொழிலாளர்கள் என்று ஒரு இரவுக்கே சில நூறு பேர், அதில் யாரையும் குறைக்க முடியாது. 1966-லேயே பாமோல், போவன் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் இதைச் சொல்லிவிட்டார்கள்: நால்வர் வாசிக்கும் இசைக்கு எந்தக் காலத்திலும் நாலு பேர்தான் வேண்டும், சம்பளம் மட்டும் மற்ற தொழில்களோடு சேர்ந்து ஏறும். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஆபராவில் (சுருக்கமாக மெட்) டிக்கெட் வருமானம் செலவில் பாதியைக்கூடத் தொடுவதில்லை.

புதுத் தயாரிப்பு இதற்கு மேலே தனிச் செலவு, அதுவும் ஒரு டிக்கெட் விற்பதற்கு முன்பே. இயக்குநர் லெபாஜ் 2010-12-இல் அங்கே போட்ட வாக்னரின் 'ரிங்' என்ற நான்கு ஆபராத் தொடருக்கு, செட்டாகவே 45 டன் எடையுள்ள எந்திரம். அதைத் தாங்க மேடையையே பலப்படுத்தினார்கள்.

சுருதிபேதம்:
இரண்டாவது கேள்விக்கு: வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், ஆனால் எதற்குக் கொடுப்பேன், எதற்குக் கொடுக்க மாட்டேன் என்பதிலேயே எல்லாம் முடிந்துவிடும். டெக்ஸாஸ் எண்ணெய்ப் பணக்காரர் சிபில் ஹாரிங்டன் மரபான, பிரம்மாண்டமான தயாரிப்புகளுக்குத்தான் அள்ளிக் கொடுத்தார். அவர் இறந்த பிறகு, அந்தப் பணம் புதுப் பாணிக்குப் போய்விட்டது என்று அவருடைய அறக்கட்டளைத் தரப்பு மெட் மீது வழக்கே போட்டது. ஆல்பர்ட்டோ விலார் என்ற இன்னொரு கொடையாளி கதை வேறு மாதிரி. கோடிக்கணக்கில் வாக்கு கொடுத்தார், பணம் வரவில்லை, சுவரில் இருந்த பெயரை எடுக்க வேண்டியதாயிற்று. பின்னால் மோசடி வழக்கில் சிறைக்கும் போனார்.

பாதிவிலை:
அரசு கொடுத்தால் நிம்மதி என்று நினைக்காதீர்கள். ஜெர்மனியில் பெரும்பகுதிச் செலவை நகரமும் மாநிலமும் ஏற்கின்றன, அதனால்தான் அங்கே இயக்குநர்கள் துணிந்து எதையும் போடுகிறார்கள், சரி. ஆனால் 2022-இல் இங்கிலீஷ் நேஷனல் ஆபராவின் வருடாந்தர மானியத்தை நிறுத்தி, லண்டனை விட்டுப் போகவும் சொன்னார்கள். எனக்குப் பிடித்த வழி கூட்டுத் தயாரிப்பு. இயக்குநர் மிங்கெல்லாவின் 'மேடம் பட்டர்ஃபிளை' லண்டன், வில்னியஸ், நியூயார்க் மூன்றுக்கும் சேர்த்துச் செய்தது. செலவு பங்காகும், செட்டும் சும்மா தூங்காது.

திரைக்குப்பின்:
தூங்க இடம் இருந்தால்தானே! நான் ஒரு சிறிய நிறுவனத்தில் கணக்குப் பார்த்தேன். புதுசுக்குக் கொடுக்க ஆள் கிடைப்பார்கள், நிகழ்ச்சி நிரலில் பெயர் வருமல்லவா? மின்கட்டணத்துக்கும் கிடங்கு வாடகைக்கும் பெயர் போட யாரும் வரமாட்டார்கள். அருமையான செட் ஒன்றை ஆறே இரவுகள் ஓட்டிவிட்டு, வாடகை கட்ட முடியாமல் உடைத்துப் போட்டோம்.

கடைசிவரிசை:
அடப்பாவமே. கொடுத்தவரிடம் சொன்னீர்களா?

திரைக்குப்பின்:
சொன்னோம். அடுத்த புதுத் தயாரிப்புக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்டார்.