விடுதி வாழ்க்கைக்குப் புதியவன்: அறை ஒழுங்கும் வார இறுதிப் பயணமும்

கடையத்துக்காரன் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். கடையத்துக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து, பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் இளங்கலை வேதியியல் முதலாண்டு சேர்ந்திருக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்த எனக்கு, வீட்டைவிட்டு வெளியே தங்குவது இதுவே முதன்முறை. விடுதி அறையில் நாங்கள் நான்கு பேர் இருக்கிறோம். ஆளுக்கொரு கட்டில் உண்டு, மேசையோ இரண்டுதான். துணி, புத்தகம், சான்றிதழ் அனைத்தும் ஒரே பெட்டியில் கிடப்பதால் ஒன்றைத் தேடினால் மற்றவை கலைந்துவிடுகின்றன. குளியலறை வரிசையில் நின்றே காலை உணவைத் தவறவிடுகிறேன். செங்கோட்டை ரயிலில் ஏறினால் வீடு வந்துவிடும் என்பதால் வெள்ளிக்கிழமைதோறும் ஊருக்குப் போய்விடுகிறேன். ஆனால் திங்கட்கிழமை திரும்பும்போது, அன்றுதான் புதிதாகச் சேர்ந்தவனைப் போல உணர்கிறேன். எதிலிருந்து சரிசெய்யத் தொடங்குவது என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

பேட்டை மூன்றாமாண்டு:

தம்பி, முதலில் பெட்டியைப் பற்றிச் சொல்கிறேன். அன்றாடம் தேவைப்படாதவை மட்டுமே பெட்டியில் இருக்க வேண்டும். அதைப் பூட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுங்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, ஆதார் ஆகியவற்றின் நகல்களை, நான்கைந்து பாஸ்போர்ட் அளவுப் படங்களுடன் தனி உறையில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் முதல் பருவத்தில் ஏதாவதொரு படிவத்துக்காக அவற்றைக் கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

குளியலை மாலைக்கு மாற்றிப் பாருங்கள். ஆனி, ஆடியில் நம் பக்கம் வீசும் மேற்குக் காற்றில் புழுதி தலைவரை ஏறிவிடுவதால், மாலையில் குளிப்பதே உடம்புக்கும் இதமாக இருக்கும். காலையில் முகம் கழுவினால் போதும், வரிசையும் இல்லை. இதே காற்று துணியையும் சீக்கிரம் காயவைத்துவிடும், ஆனால் கிளிப் போடாவிட்டால் சட்டையைப் பக்கத்துக் கட்டடத்தில்தான் தேட வேண்டியிருக்கும். ஐப்பசி பிறந்து அடைமழை தொடங்கியதும் கதையே மாறும்: நடைவழிக் கொடியில் போட்ட ஜீன்ஸ் மூன்றாம் நாளும் இடுப்புப் பட்டையில் ஈரமாக இருந்து நாறத் தொடங்கும். அதனால் தீபாவளிக்குப் போய்த் திரும்பும்போது, தடித்த துணிகளை வீட்டில் விட்டுவிட்டு மெல்லிய கால்சட்டைகளாகக் கொண்டுவாருங்கள்.

மேசைக்குப் போட்டி போடவே வேண்டாம். வீட்டிலிருந்து ஒரு பத்தமடைப் பாய் எடுத்து வாருங்கள். கல்யாணச் சீருக்கு நெய்கிற பட்டுப் பாயைச் சொல்லவில்லை, சாதாரணக் கோரைப் பாய் போதும். மாடி நடைவழியில் விளக்குக்குக் கீழே அதை விரித்து உட்கார்ந்துதான் நான் இரண்டு ஆண்டுகளாகப் படித்து வருகிறேன். அறையில் சத்தம் அதிகமாக இருந்தாலும் அதுவே புகலிடம்.

ஓய்வுபெற்ற விடுதிக் காப்பாளர்:

பெட்டியும் குளியலறையும் ஒரு மாதத்தில் தாமாகவே பழகிவிடும். தம்பியின் உண்மையான சிக்கல் வெள்ளிக்கிழமை ரயில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. வேதியியல் மாணவருக்கு வாரந்தோறும் செய்முறை வகுப்பு இருக்கும். ஆய்வகத்தில் அப்சர்வேஷன் நோட்டில் குறித்ததை ரெக்கார்டில் எழுதிக் கையெழுத்து வாங்க, சனிக்கிழமையைவிட நல்ல நாள் கிடையாது. அந்த நாளை ஊரில் கழித்துவிட்டால் ரெக்கார்டு சேர்ந்துகொண்டே போய், பருவ இறுதியில் தலைக்கு மேல் வந்து நிற்கும். வெறும் சோம்பலால் அக மதிப்பீட்டு மதிப்பெண்ணை இழந்த கெட்டிக்காரப் பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். திங்கட்கிழமை முதல் மணி வகுப்பைத் தவறவிடுவதும் மெல்ல மெல்ல, தேர்வெழுத இருக்க வேண்டிய 75 விழுக்காட்டு வருகைப் பதிவைக் கரைத்துவிடும்.

உணவுக் கட்டணத்தையும் எண்ணிப் பாருங்கள். மாதச் செலவை மாணவர்கள் பகிர்ந்துகொள்ளும் விடுதிகளில், இத்தனை நாள் தொடர்ச்சியாக விடுப்பு எடுத்து அதை முன்கூட்டியே பதிவேட்டில் எழுதியிருந்தால்தான் கட்டணத்தில் கழிவு கிடைக்கும் என்பதே பெரும்பாலும் விதி. சனி, ஞாயிறு இரண்டு நாள் போய்வருகிறவர், சாப்பிடாத சாப்பாட்டுக்குத்தான் பணம் கட்டிக்கொண்டிருப்பார். உங்கள் விடுதியில் எத்தனை நாள் என்று காப்பாளரிடம் இன்றே கேளுங்கள்.

இன்னொன்று: நீங்கள் ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்திருந்தால், 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்க வழியுண்டு. விண்ணப்பித்துவிட்டீர்களா?

வள்ளியூர் அம்மா:

ஐயா சொல்வது படிப்புக்குச் சரியாக இருக்கலாம், ஆனால் முதலாண்டுப் பிள்ளையை ஒரேயடியாக ஊருக்குப் போகாதே என்று நிறுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. என் மகனும் விடுதியில்தான் படித்தான். முதல் மாதத்தில் வாராவாரம் வந்து, சொதியும் இஞ்சித் துவையலுமாக ஒருவேளைச் சோறு உண்டு, தூங்கி எழுந்து போனதால்தான் அவன் படிப்பை விடாமல் தாக்குப்பிடித்தான் என்று இன்றும் நம்புகிறேன். பிறகு அவனாகவே இரு வாரத்துக்கு ஒருமுறை என்று குறைத்துக்கொண்டான். தம்பி, நீங்கள் வராத வாரத்தில் அம்மாவிடம் எந்த நேரத்தில் பேசுவீர்கள் என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். போன் வராத இரவில் வீட்டில் யாருக்கும் உறக்கம் வராது. வரும்போது முறுக்கும் கருப்பட்டி மிட்டாயும் நான்கு பேருக்கும் சேர்த்தே கட்டித்தரச் சொல்லுங்கள்.

கடையத்துக்காரன்:

அனைவருக்கும் நன்றி. காப்பாளரிடம் கேட்டேன், தொடர்ந்து மூன்று நாள் விடுப்புக்குத்தான் கழிவு என்றார். ஆகவே இந்த வாரமும் அடுத்த வாரமும் இங்கேயே இருந்து ரெக்கார்டை முடித்துவிட்டு, அதன்பின் திங்கட்கிழமையும் விடுமுறையாக வரும் வாரத்தில் ஊருக்குப் போவதாக அம்மாவிடம் சொல்லிவிட்டேன். உதவித்தொகைக்கு இன்னும் விண்ணப்பிக்கவில்லை, ஐயா. பள்ளியில் படித்தபோது தொடங்கிய வங்கிக் கணக்கு இருக்கிறது, அது போதுமா?

ஓய்வுபெற்ற விடுதிக் காப்பாளர்:

போதும், ஆனால் அந்தக் கணக்கு ஆதாருடன் இணைந்து நடப்பில் இருக்கிறதா என்பதை வங்கிக்கு நேரில் போய் உறுதிசெய்துகொள்ளுங்கள். பல நாள் வரவு செலவு இல்லாமல் கிடந்தால் கணக்கை முடக்கியிருப்பார்கள். கல்லூரியில் இத்திட்டத்துக்கென ஒரு பேராசிரியர் பொறுப்பில் இருப்பார். துறை அலுவலகத்தில் கேட்டால் யாரென்று சொல்வார்கள். பள்ளியில் ஒவ்வொரு மாணவருக்கும் அடையாளமாகத் தந்த எமிஸ் (EMIS) எண்ணையும் கையோடு குறித்துக்கொண்டு போங்கள்.