தேசி மரத்துக்கு விடாய்க்குமா? கையேட்டுக்கு இரண்டு சொல் தேவை

கோப்பாயிலிருந்து:
வணக்கம். தேசி (எலுமிச்சை), தோடை (ஆரஞ்சு) வளர்ப்போருக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். இரண்டு சொற்களில் நிற்கிறேன். ஒட்டுக்கன்றில் வேரோடு நிற்கும் கீழ்ப்பாகத்தை இங்கே யாழ்ப்பாணத்தில் ஒட்டுக்கட்டை என்று படித்தோம். தமிழ்நாட்டில் வேர்ச்செடி என்கிறார்கள். மற்றது, நீர் கிடைக்காமல் மரம் படும் பாடு, ஆங்கிலத்தில் water stress. ‘நீர்த்தகைப்பு’ என்று எழுதி அயல் தோட்டக்காரருக்கு வாசித்தேன். அணைக்கட்டு பற்றியதா என்று கேட்டார்.

நல்லூரிலிருந்து:
அவர் கேட்டது சரிதான், தங்கச்சி. தகைத்தல் என்றால் தடுத்தல். பௌதிகத்தில் stress என்பதற்கு, பொருள் விசையை உள்ளே எதிர்த்து நிற்பதால் தகைப்பு பொருந்தியது. தமிழ்நாட்டுத் தகைவும் அதே அடிதான். மரத்துக்கு அதை அப்படியே தூக்கிப் போட்டது பிழை. நீர்விடாய் என்று எழுதுங்கள், விடாய் என்றால் தாகம்தானே. ‘தண்ணி விடாய்க்குது’ என்று சொல்லாத வீடு இங்கே உண்டா? விடு என்ற அடியிலிருந்து வந்தது என்பேன். உடல் நீரை விடுகிறது, விட்டதைத் திரும்பக் கேட்கிறது. இலையும் அதைத்தான் செய்கிறது.

வட்டுக்கோட்டையிலிருந்து:
ஐயா, அந்த அடி ஆராய்ச்சியை நான் ஏற்கவில்லை. விடாய் என்றதும் வகுப்பில் பிள்ளைகளுக்கு மாதவிடாய்தான் நினைவுக்கு வரும். உப்பு, வெப்பம், குளிர் எல்லாவற்றுக்கும் ஒரே வரிசையில் சொல் வேண்டும். உப்புத்தகைப்பு நிற்கும். உப்புவிடாய் என்றால் உப்புக்கு ஏங்குவதாகிவிடும். இல்லையென்றால் நீர்ப்பற்றாக்குறை என்று போடுங்கள், எல்லாருக்கும் விளங்கும். ஒட்டுக்கட்டையும் வேண்டாம், கட்டை உயிர் போனது.

கோப்பாயிலிருந்து:
பற்றாக்குறை மண்ணில் இருப்பது அண்ணை, நான் சொல்ல வருவது மரத்தில் நடப்பது. எங்கள் கிணற்றடித் தேசி, சோழகம் வீசும் நாட்களில் மதியம் இலையைச் சுருட்டிக்கொண்டு நிற்கும், பொழுதுபட விரியும். கிணறு உவரான காணிகளில் பாத்தி நனைந்தே கிடக்கும், ஆனால் வேரால் உறிஞ்ச முடியாது. அங்கே எது பற்றாக்குறை? அதோடு, கொஞ்ச நாள் இறைப்பை நிறுத்தி மறுபடி இறைத்தால் தேசி பூக்கும். அதையும் குறை என்று எழுதுவதா?

கீழ்ப்பாகமாக எந்த இனத்தை வைக்கிறோம் என்பதைப் பொறுத்து இதெல்லாம் மாறும். ரஃப் லெமன் வறட்சி தாங்கும், ஆனால் மேலே காய்க்கும் பழத்தின் சாறு சப்பென்று இருக்கும். கிளியோபட்ரா மண்டரின் உப்பைத் தாங்கும். மூவிலைத் தோடைக்குச் சுண்ணாம்பு மண் ஒத்துவராது, இலை மஞ்சளாகும். சொல் விளங்காவிட்டால் எதைத் தெரிவுசெய்வது என்பதும் விளங்காது.

பருத்தித்துறையிலிருந்து:
கட்டைக்கு உயிரில்லை என்பவர் எங்கள் வேலியைப் பார்க்க வேண்டும். கிளுவங்கதியால், அதாவது கிளுவை மரத்திலிருந்து வெட்டி நட்ட வேலிக்கட்டைதான். மாரி பிறந்தால் துளிர்க்கிறது. வேர்ச்செடி என்றால் வேருக்காக வளர்க்கும் செடி என்றல்லவா படுகிறது!

நல்லூரிலிருந்து:
உவர் நிலத்திலும் மரம் தவிப்பது நீருக்குத்தானே? ‘உப்பால் வரும் விடாய்’ என்று எழுதினால் போயிற்று.

கோப்பாயிலிருந்து:
சரி, அச்சகம் இரண்டு தரம் கேட்டுவிட்டது. ஒட்டுக்கட்டைக்கு எதிர்ப்பு ஒன்றுதான், அது நிற்கட்டும். நீர்விடாய் என்றே போடுகிறேன். முதல் இடத்தில் மட்டும் பக்கத்தில் நீர்த்தகைப்பும் இருக்கும்.

வட்டுக்கோட்டையிலிருந்து:
என் மறுப்பு மறுப்பாகவே இருக்கட்டும். அடுத்த கையேட்டில் வெப்பத்துக்கும் குளிருக்கும் என்ன எழுதப்போகிறீர்கள்?