புதுப்பிப்பு: தலையில் அடிபட்டு ஆறாவது வாரம்

ஸ்கூட்டர் சறுக்கி விழுந்ததையும், சிடி ஸ்கேன் நார்மல் என்றாலும் தலைவலியும் பயமும் விடவில்லை என்பதையும் மூன்று வாரம் முன்னாடி எழுதியிருந்தேன்.

நன்றாகத்தான் தேறி வந்தேன். போன ஞாயிறு மச்சினன் கல்யாணம். தவிலுக்குப் பக்கத்தில் பத்து நிமிஷம், அவ்வளவுதான். பந்தியில் சாம்பார் வாளி வைக்கிற சத்தம்கூட மண்டைக்குள் இறங்கியது. ராத்திரி ஒரு மணிக்கு 'மூளையில் ரத்தக்கசிவா' என்று போனில் தேடிக்கொண்டிருந்தேன் (திரை வெளிச்சம் வேறு, புத்திசாலி!).

டாக்டர் வலிக்குப் பத்துக்கு மார்க் போடச் சொன்னார். "நடக்கும்போது 2 மார்க் வரை கூடி, ஒரு மணி நேரத்துக்குள்ள இறங்கிட்டா பயமில்லை. அதுக்கு மேல போனா அன்னைக்குக் குறைச்சுக்கோங்க. திரும்பத் திரும்ப வாந்தி, பேச்சுக் குழறல், ஏறிக்கிட்டே போற வலின்னா உடனே வரணும்."

ஃப்ரிட்ஜில் எழுதி ஒட்டியாச்சு. இன்று 20 நிமிஷ நடை: 3 இருந்தது, 4 ஆச்சு. காபி குடிப்பதற்குள் இறங்கிவிட்டது.