சிஜே 3பி ஜீப்: ட்ரான்ஸ்ஃபர் கேஸில் ஊளைச் சத்தம், லோவில் நழுவுது, டிரம்மில் ஆயில்

கரட்டுவண்டி:
வணக்கம். வண்டி பழைய மஹிந்திரா சிஜே 3பி. ஹரிக்கேன் பெட்ரோல் எஞ்சின், மூணு கியர் டி90 பாக்ஸ், பின்னாடி ஸ்பைசர் 18 ட்ரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் ஆக்ஸிலுக்கு சக்தியைப் பிரிச்சு, ஹை/லோ மாத்துற பெட்டி). இப்போ மூணு தொல்லை. டூ வீல் ஹையில் 40க்கு மேல் போனால் ஊளை மாதிரி ஒரு சத்தம், எந்த கியரில் போனாலும் இருக்கு. இறக்கத்தில் ஃபோர் லோவில் ஆக்சிலேட்டரை விட்டதும் லீவர் நியூட்ரலுக்கு வந்துடுது. அந்த கேஸின் பின்னாடி இருக்கிற ஹேண்ட் பிரேக் டிரம்முக்குள்ள ஆயில் இறங்கி பிரேக்கே பிடிக்கிறதில்லை. பட்டறையில் "கிட் வாங்கிட்டு வாங்க, மொத்தமா மாத்திடலாம்" என்கிறார்கள். வாங்கும் முன் எதையெல்லாம் பார்க்கணும்? கியர்பாக்ஸை இறக்காமல் முடியுமா?

ஷிம்தகடு:
கிட்டை அப்புறம் பார்க்கலாம், முதல்ல வெர்னியரை எடுங்க. ஸ்பைசர் 18இல் நடு கியரைத் தாங்குற இன்டர்மீடியட் ஷாஃப்ட் மூணு அளவில் வந்திருக்கு: 3/4 அங்குலம், 1-1/8, 1-1/4. மில்லிமீட்டரில் 19.05, 28.58, 31.75. கேஸ் துளை, கியர், ஊசி பேரிங், திரஸ்ட் வாஷர் (கியரின் ரெண்டு பக்கமும் தாங்குற வளையம்) எல்லாம் அந்த அளவோடயே மாறும். வண்டி வருஷத்தை வெச்சு முடிவு பண்ணாதீங்க, இத்தனை காலத்தில் யாராவது கேஸையே மாத்தியிருக்கலாம். கேஸின் பின்பக்கம் ஒரே போல்ட்டில் நிக்கிற சின்ன லாக் பிளேட் இருக்கும், ஷாஃப்ட்டின் வெட்டில் அது உட்கார்ந்திருக்கும். அதைக் கழட்டினா ஷாஃப்ட் முனை வெளியிலேயே தெரியும். அங்கேயே அளந்துடலாம்.

சத்தம் எந்த கியரிலும் வருதுன்னா ஆச்சரியமில்லை. இந்த கேஸில் ஹையிலும் நேர் இணைப்பு கிடையாது. மெயின் ட்ரைவ் கியர், இன்டர்மீடியட் கியர், அவுட்புட் கியர்னு எப்பவும் பல் வழியாத்தான் சக்தி போகுது. ஆக அந்த நடு கியருக்கு ஓய்வே இல்லை.

எங்கே சத்தம்னு பிரிக்க ஒரு சோதனை. வண்டியை நிறுத்தி சக்கரத்துக்குக் கட்டை போட்டு, ட்ரான்ஸ்ஃபர் லீவரை நியூட்ரலில் வைங்க. கியர்பாக்ஸை டாப்பில் போட்டு கிளட்சை விட்டு, எஞ்சினை கொஞ்சம் ஏத்துங்க. இப்போ அவுட்புட் ஷாஃப்ட் நிக்கும், நடு கியர் சுத்தும். இதிலேயே ஊளை கேட்டா இன்டர்மீடியட் ஊசி பேரிங், இல்லேன்னா டி90 மெயின் ஷாஃப்ட்டின் பின் பேரிங். ஓடும்போது மட்டும் கேட்டா அவுட்புட் டேப்பர் பேரிங்.

பல்சக்கரம்:
இறக்காமல் முடியுமா என்றால், இன்டர்மீடியட் மட்டும் என்றால் முடியும். ஆயிலை வடித்து, அடித்தட்டைக் கழற்றி, பின் கேப்பை பிரேக் டிரம்மோடு எடுத்துவிட்டு, முன்பக்கமிருந்து பித்தளைத் தண்டால் ஷாஃப்ட்டைப் பின்னால் தட்டி எடுக்கலாம். கியரும் வாஷர்களும் கீழே வரும், கையைக் கொடுத்துத் தாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் உங்கள் வண்டியில் மூன்று குறையும் சேர்ந்திருக்கிறது. மேசையில் வைத்துச் செய்வதே சரி. படுத்துக்கொண்டு கேஸ் துளையை ஒழுங்காக அளக்க முடியாது.

கேஸைக் கியர்பாக்ஸிலிருந்து பிரிக்கும் இடத்தில்தான் பலர் வேலையை இரட்டிப்பாக்கிக்கொள்கிறார்கள். பின்னால் உள்ள பி.டி.ஓ. (வெளிக் கருவிகளுக்குச் சக்தி எடுக்கும் இடம்) மூடியைத் திறந்து, காட்டர் பின்னை எடுத்து, மெயின் ட்ரைவ் கியர் நட்டைக் கழற்றி, கியரை இழுத்துவிடுங்கள். பிறகு டி90 மேல் மூடியை எடுத்து, செகண்ட் கியருக்குப் பின்னால் மெயின் ஷாஃப்ட்டைச் சுற்றிக் கட்டுக்கம்பி போட்டு, இரண்டு முனையையும் மேல் மூடியின் முன் ஸ்க்ரூ துளைகளில் இறுக்கிக் கட்டுங்கள். அப்புறம்தான் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் ஐந்து போல்ட்டுகள். கம்பி இல்லாமல் இழுத்தால் மெயின் ஷாஃப்ட்டும் கூடவே வரும், கியர்பாக்ஸையும் பிரித்துக் கோக்க வேண்டியதுதான்.

கியரைக் கழற்றியதும் அதன் உள் ஸ்ப்ளைனை, அதாவது ஷாஃப்ட்டைக் கவ்வும் நீளப் பற்களை, பாருங்கள். நட்டு தளர்ந்தே ஓடியிருந்தால் ஸ்ப்ளைன் ஓரம் தேய்ந்து, ஆக்சிலேட்டர் விட்டு மிதிக்கும்போதெல்லாம் 'டக்' என்று அடிக்கும். அதைப் பலரும் யூ ஜாயின்ட் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

கரட்டுவண்டி:
நன்றிங்க. நியூட்ரல் சோதனையில் ஊளை கேட்டது. கேஸை இறக்கிப் பிரிச்சாச்சு. ஷாஃப்ட் 31.75, ஊசி ஓடுற இடத்தில் நகம் தட்டுது. அவுட்புட் ஷாஃப்ட்டைப் பிரிக்கும் முன் டயல் கேஜ் வெச்சுப் பார்த்ததில் முன்பின் ஆட்டம் 0.35 மி.மீ. இன்டர்மீடியட் ஷாஃப்ட் பின் துளையில் கையாலேயே நுழையுது. இது சரியா?

ஷிம்தகடு:
சரியில்லை. உங்க பிரச்சினையின் மூலமே அதுதான்னு சொல்வேன். ஷாஃப்ட் துளையில் தட்டித்தான் இறங்கணும். கையால் நுழைஞ்சா துளை நீள்வட்டமா தேய்ஞ்சிருக்கு. அதில் புது கிட்டைப் போட்டாலும் கியர் சாய்ஞ்சே ஓடும், ஊசிகள் ஒரு ஓரமா தின்னும், கொஞ்ச நாளில் அதே ஊளை. கூடவே அந்த லாக் பிளேட் வழியா ஆயில் வழியும். லேத்தில் கொடுத்து பின் துளையை போர் பண்ணி ஸ்லீவ் இறக்கச் சொல்லுங்க. ஒரு நிபந்தனை: முன் துளை, பின் துளை ரெண்டையும் ஒரே செட்டப்பில் மையம் பிடிக்கணும். பின்னாடி மட்டும் தனியா பிடிச்சு குடைஞ்சா மையம் தவறிடும்.

கியரின் உள்துளையையும் பாருங்க, ஊசிகளுக்கு அதுதான் வெளி ரேஸ். குழி விழுந்திருந்தா கியரும் புதுசுதான். அங்கே சிக்கனம் பார்க்காதீங்க.

கோக்கும்போது கியரும் ரெண்டு திரஸ்ட் வாஷரும் சேர்ந்த நீளத்தைவிட ஒரு இழை குறைவா ஒரு டம்மி ஷாஃப்ட் கடைஞ்சு வெச்சுக்கோங்க. ஊசிகளை கிரீஸ் தடவி நிறுத்தி, டம்மியோட கேஸில் ஏத்தி, நிஜ ஷாஃப்ட்டை பின்னாடியிருந்து தட்டினா டம்மி முன்னாடி வெளியே வந்துடும். உதிரி ஊசியா இருந்தா பழசில் எத்தனைன்னு எண்ணி வைங்க, ஒண்ணு குறைஞ்சாலும் மத்ததெல்லாம் சாயும். வாஷரின் காது கேஸ் பள்ளத்தில் உட்கார்ந்ததான்னு விரலால் தடவிப் பார்த்த பிறகுதான் கடைசி அடி.

0.35 ரொம்ப அதிகம். அவுட்புட் ஷாஃப்ட்டுக்கு 0.10லிருந்து 0.20 மி.மீ. வரை தான் இருக்கணும். பின் கேப்புக்கும் கேஸுக்கும் நடுவில் ஷிம் (மெல்லிய தகடுகள்) இருக்கு. ஷிம் கூட்டினா ஆட்டம் கூடும், எடுத்தா குறையும். பழைய பேரிங்கே போடுறதா இருந்தா 0.20 அளவு ஷிம் எடுத்து 0.15க்குக் கொண்டு வரலாம். புது பேரிங்னா மறுபடி அளந்துதான் சொல்லணும். கேப் போல்ட்டை முழுசா இறுக்கி, ஷாஃப்ட்டை ரெண்டு பக்கமும் ரப்பர் சுத்தியால் தட்டி கப்பை உட்கார வெச்சிட்டு அளங்க. யோக் (ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் வந்து சேர்ற முனை) நட்டும் இறுகியிருக்கணும். ஆட்டமே இல்லாம இறுக்கினா சூட்டில் பேரிங் போயிடும்.

நாலுசக்கரம்:
லோவில் நழுவுவதைப் பற்றி. இன்டர்மீடியட் திரஸ்ட் ஆட்டமும் அவுட்புட் ஆட்டமும் சேர்ந்தாலே பாதிக் காரணம் வந்துவிட்டது, ரெண்டையும் சரி செய்யப்போகிறீர்கள். மீதி முன் கேப்பில். ஷிஃப்ட் ராடுகளை உருவும்போது மேலே துணி போட்டுக்கொள்ளுங்கள், ராடை அதன் இடத்தில் பிடித்து வைக்கும் பாப்பெட் குண்டும் ஸ்பிரிங்கும் துள்ளி எங்கோ போய்விடும். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் மாற்றுங்கள், அற்ப விலை. ராடின் பள்ளம் ஓரம் மழுங்கியிருந்தால் ராடையும் மாற்றுங்கள். ஃபோர்க் வளைந்திருக்கிறதா, சறுக்கு கியரின் பல் கூம்பாகத் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பல் கூம்பியிருந்தால் எந்த ஸ்பிரிங்கும் அதைப் பிடித்து வைக்காது.

ரெண்டு ராடுக்கும் நடுவில் உள்ள இன்டர்லாக் பின்னை மறக்காமல் போடுங்கள். முன் ஆக்ஸில் சேராமல் லோ விழாதபடி தடுப்பது அதுதான். டூ வீலில் லோ வேண்டும் என்று சிலர் வேண்டுமென்றே விட்டுவிடுகிறார்கள். டி90 ஃபர்ஸ்ட் 2.8, லோ 2.46, ஆக்ஸில் 5.38. பெருக்கினால் 37 மடங்கு. அத்தனையும் பின் ஆக்ஸில் ஷாஃப்ட் இரண்டின் தலையில் விழும்.

முன் அவுட்புட் ஷாஃப்ட்டின் முனை, பின் ஷாஃப்ட்டுக்குள் உள்ள பைலட் புஷ்ஷில் சுற்றுகிறது. புஷ் தளர்ந்தால் முன் சீல் எத்தனை மாற்றினாலும் ஒழுகும்.

பல்சக்கரம்:
டிரம்முக்குள் ஆயில் வர மூன்று வழி உண்டு. பின் சீல், யோக்கின் ஸ்ப்ளைன், அடைத்துப்போன பிரீதர் (கேஸின் காற்றுத் துளை). யோக்கில் சீல் உதடு ஓடும் இடத்தில் கோடு விழுந்திருந்தால் மெல்லிய ரிப்பேர் ஸ்லீவ் போடுங்கள், அல்லது சீலை ஒன்றரை மி.மீ. வெளியே தள்ளி உட்கார வைத்து உதட்டைப் புது இடத்தில் ஓடவிடுங்கள். நட்டுக்கு அடியில் வாஷரிலும் ஸ்ப்ளைனிலும் சீலன்ட் கொஞ்சம் தடவுங்கள். ஆயில் ஊறிய பிரேக் லைனிங்கைக் கழுவிப் பயனில்லை, மாற்றிவிடுங்கள்.

அடித்தட்டின் போல்ட் துளைகள் இறுக்கி இறுக்கி மேலெழும்பியிருக்கும். தட்டையான இரும்பின் மேல் வைத்துத் தட்டிச் சமமாக்காமல் கேஸ்கெட் போடாதீர்கள்.

ஆயில் ஜிஎல்-4 தரம், 90 எண். ஜிஎல்-5இல் உள்ள கந்தகச் சேர்மானம் டி90இன் பித்தளை வளையங்களுக்கும் வெண்கல வாஷருக்கும் ஆகாது. கியர்பாக்ஸுக்கும் ட்ரான்ஸ்ஃபருக்கும் நடுவே ஆயில் போய்வர வழி இருந்தாலும், ஒன்றில் ஊற்றினால் மற்றது நிறையும் என்று இருந்துவிடாதீர்கள். இரண்டிலும் தனித்தனியாக லெவல் ப்ளக் வழியும் வரை ஊற்றி, கொஞ்ச தூரம் ஓட்டி, சமதரையில் நிறுத்தி இரண்டையும் மறுபடி பாருங்கள்.

கரட்டுவண்டி:
கேஸ் லேத்துக்குப் போகுது. ஷாஃப்ட், கியர், ஊசிகள், ஷிம் செட், சீல் ரெண்டு, பாப்பெட் ஸ்பிரிங் எழுதிக்கிட்டேன். பைலட் புஷ்ஷும் சேர்த்துட்டேன்.

ஷிம்தகடு:
ஷிஃப்ட் ராட் சீல் ரெண்டையும் எழுதுங்க. ஸ்லீவ் போட்டு வந்ததும் புது ஷாஃப்ட்டை வெறும் கேஸில் ஒரு தடவை இறக்கிப் பார்த்துட்டு அப்புறம் ஊசியைத் தொடுங்க.