அம்மம்மாவின்ர பாட்டுக்கு 16 பிட் காணுமா, 24, 96க்கு மாறவேணுமா?

உப்புவெளியான்:
வணக்கம். அம்மம்மாவுக்கு 84 வயது. சம்பூரில பிறந்து வளர்ந்தவ, இப்ப எங்களோட உப்புவெளியில இருக்கிறா. அவவின்ர பாட்டுகளைப் பதிஞ்சு வைக்க ஒரு கை ரெக்கோடர் வாங்கினன். தாலாட்டு எண்டா வாய்க்குள்ள முணுமுணுப்பா. வயல் பாட்டு வந்தா, நாலு வரம்பு தள்ளி நிக்கிற ஆளைக் கூப்பிடுற மாதிரி எடுப்பா. போன கிழமை 16 பிட், 44.1 கிலோஹேர்ட்ஸில பதிஞ்சன், எடுப்பில குரல் கிழிஞ்சு போச்சு. அடுத்த நாள் லெவலைக் குறைச்சன். பிறகு தாலாட்டைக் கூட்டிக் கேட்டா ஒரே இரைச்சல். 24 பிட், 96க்கு மாறினாச் சரிவருமா? ஒருக்காப் பாடினதை அவ திருப்பி அப்பிடியே பாடமாட்டா. அதுதான் பயம்.

கோணமலை:
தம்பி, 24 பிட்டும் 96உம் வேற வேற. 96 எண்டது சாம்பிள் ரேட், ஒரு செக்கனுக்கு எத்தினை ஆயிரம் தரம் சத்தத்தை அளக்குது எண்டது. சாம்பிள் ரேட்டில பாதி வரைக்கும்தான் கீச்சுச் சத்தம் பிடிபடும். 44.1 எண்டாலே 22 கிலோஹேர்ட்ஸ் வரும். மனுசக் காது 20ஓட நிண்டிடும். 96 உங்கட வருத்தத்துக்கு மருந்தில்லை.

பிட்தான் உதவும். பிட் கூடக்கூட, பிடிபடுற ஆக மெல்லிய சத்தத்துக்கும் ஆகப் பெரிய சத்தத்துக்கும் இடைவெளி கூடும். ஒரு பிட்டுக்கு ஏறக்குறைய 6 டெசிபல்: 16க்கு 96 டெசிபல், 24க்கு 144. அது கணக்கில மட்டும், எந்த மைக்கும் அவ்வளவு தராது. ஆனா 24இல லெவலைத் தாராளமாக் கீழ வைக்கலாம். முதல்ல வயல் பாட்டின்ர எடுப்பைப் பாடச் சொல்லுங்கோ. மீட்டரில உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாம வைச்சிட்டுக் கையை எடுங்கோ. 0தான் மேல் எல்லை, அதைத் தாண்டிக் கிழிஞ்ச குரலைத் தைக்கேலாது.

இரைச்சல் அனேகமா 16 பிட்டால வந்ததில்லை. ஃபானும் ரெக்கோடரின்ர மைக்கும் போடுற சத்தம் அது, 24இலயும் வரும். ஃபானை நிப்பாட்டுங்கோ. மைக்கை வாய்க்கு நேர பிடிக்காம, கொஞ்சம் சரிச்சு ரெண்டு சாண் கிட்ட வையுங்கோ.

மூதூர்க்காரி:
காலத்துக்கும் வைக்கிறதெண்டா 96 நல்லமெல்லோ அண்ணை?

கோணமலை:
பிழையில்லைத் தங்கச்சி. ஆனா ஒலி ஆவணக் காப்பகக்காரரின்ர சர்வதேச வழிகாட்டியே குறைஞ்சது 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட் எண்டுதான் கேக்குது. ஸ்டீரியோவில மணித்தியாலத்துக்கு 96 எண்டா 2 ஜிபி, 48 எண்டா 1. மிஞ்சிற இடத்தில இன்னொரு பிரதி வைக்கலாம். ஒரு டிஸ்க் செத்து, ஒரு முழுத் திருவிழா மேளத்தை இழந்தவன் நான்.

உப்புவெளியான்:
நேற்று 48, 24இல பதிஞ்சன் அண்ணை. எடுப்பு மைனஸ் 11ஓட நிண்டுது, கிழியேல்லை. தாலாட்டில அவ வெத்திலையை ஒதுக்கிப்போட்டு மூச்சு இழுக்கிறதும் கேக்குது. நடுவில “வேர்க்குதடா, ஃபானைப் போடு” எண்டவ. அதை நான் வெட்டேல்லை.